இரண்டாவது வரி

ஆய்வு மாணவர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அழுகை மூக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆய்வேட்டை இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். நெறியாளர் காலையில்தான் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். துணைநூல் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் முதல் வரி வெளியே நிற்க வேண்டுமாம், இரண்டாவது வரி உள்ளே தள்ளி இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்களாம். போகிற போக்கில் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

போதாக்குறைக்கு மடிக்கணினியின் டச்பேட் நேற்றே மண்டையைப் போட்டிருந்தது. மவுஸும் கிடையாது.

அவளும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாக உள்ளே தள்ளினாள். கட்டைவிரல் வீங்காத குறை. எல்லாம் முடிந்தது என்று எழுத்தின் அளவைக் கொஞ்சம் ஏற்றினாள் பாருங்கள், வரிகள் எல்லாம் உருண்டு புரண்டு, தள்ளி வைத்த இடைவெளிகள் நடு வரியில் வந்து ஓட்டைப் பல் மாதிரி இளித்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் அவர்கள் வீட்டில் யாராக இருந்தாலும் செய்வது ஒன்றுதான். பெரியவளுக்குப் போன் போடுவது.

பெரியவள் அச்சகம் ஒன்றில் பக்கம் வடிவமைக்கிறவள். மவுஸைத் தொட்டால் தீட்டு என்பதுபோல எல்லாவற்றையும் கீபோர்டிலேயே முடிப்பாள். வீட்டில் கேஸ் தீர்ந்தால் அவள். அப்பாவின் மூக்குக் கண்ணாடி தொலைந்தால் அவள். சின்னவளின் காதல் முறிந்து, தொண்டையில் சோறு இறங்காமல் கிடந்த நாட்களில் ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் படுத்துக் கிடந்ததும் அவள்தான்.

நாற்பதை நெருங்கிவிட்டாள். அவளுடைய கல்யாணப் பேச்சை எல்லோரும் எப்போதோ மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று.

அன்று காலை கிளம்பும்போது, இன்றைக்கு மட்டும் யாரும் கூப்பிடாதீர்கள், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். ஆனால் உடனே எடுத்தாள்.

"என்னடி?" குரல் ஏனோ கிசுகிசுப்பாக இருந்தது.

சின்னவள் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"ஸ்பேஸ் தட்டினதுக்கு அப்புறம் சேவ் பண்ணியா?"

"இல்லக்கா."

"பொழைச்ச. சேவ் பண்ணாம மூடிட்டுத் திரும்பத் திற. இனிமே ஸ்பேஸ் பார் பக்கம் கை போச்சுன்னா கையை ஒடிச்சிடுவேன்."

மூடித் திறந்தாள். பட்டியல் ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் காலையில் இருந்தபடியே இருந்தது.

"முதல் நூலுக்கு முன்னாடி போய் நில்லு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எண்ட். மூணையும் சேர்த்து அமுக்கு."

கடைசி வரி வரைக்கும் பட்டியல் முழுக்க நிறம் மாறியது.

"இப்ப கண்ட்ரோல் எம்."

அமுக்கினாள். பட்டியல் மொத்தமும், முதல் வரியும் சேர்ந்து, வலது பக்கம் நகர்ந்து நின்றது.

"அக்கா, எல்லாமே போகுது!"

"ஐயோ, எம் சொல்லிட்டேனா? எம் முழுப் பாராவையும் தள்ளிடும். கண்ட்ரோல் ஷிஃப்ட் எம் போடு, பழைய இடத்துக்கு வந்துடும். உனக்கு வேண்டியது கண்ட்ரோல் டி."

அக்கா ஒரு விஷயத்தைத் தப்பாகச் சொல்லிச் சின்னவள் கேட்டதே இல்லை. வயசாகிறது போல என்று நினைத்துக்கொண்டு விசைகளை அமுக்கினாள்.

முதல் வரிகள் எல்லாம் வாசலிலேயே நிற்க, இரண்டாவது வரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தன.

சின்னவள் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தாள். கண்ட்ரோல் எஸ். கண்ட்ரோல் பி. மூலையில் இருந்த பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கங்களைத் துப்ப ஆரம்பித்தது.

மறுமுனையில் ஓர் ஆண் குரல், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சலிப்போடு கேட்டது. இதோ சார், கொஞ்சம் பொறுங்க என்றாள் பெரியவள். அச்சகத்துக்கு வந்த ஆளாக இருக்கும்.

"அக்கா, நீ தெய்வம். வச்சிடறேன், நீ வேலையைப் பாரு."

"வச்சிடாத."

யாரோ பெரியவளுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா என்று மெதுவாகக் கேட்டார்கள். சலித்துக்கொண்ட குரல் இல்லை அது. வேறு.

"உன் வேலை முடிஞ்சிடுச்சில்ல? குடுத்துட்டு ஒரு இடத்துக்கு வர முடியுமா? உங்க காலேஜுக்குப் பின் தெருதான். ரெஜிஸ்டர் ஆபீஸ்."

"அங்க எதுக்குக்கா?"

"வரேன்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் வரல. சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் குறையுதுடி."

பிரிண்டர் கடைசிப் பக்கத்தைத் தள்ளிவிட்டு ஓய்ந்தது. சின்னவள் அதை எடுக்கவில்லை.

யாரு, எப்போலேர்ந்து, அம்மாவுக்குத் தெரியுமா, என்கிட்டகூடச் சொல்லலியே. எல்லாம் நாக்கு நுனியில் முட்டி மோதிக்கொண்டு நின்றன. ஒன்றையும் அவள் வெளியே விடவில்லை.

"என்ன புடவைக்கா கட்டியிருக்க?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"உன்னோடதுதான். அந்த நீலம். கேக்காம எடுத்துட்டேன்."