பினாங்குச் சாமியார்

மூன்று வருடம் பினாங்கில் ஒரு மாதா கோயிலில் சம்பளமில்லாமல் ஊழியம் பார்த்துவிட்டு, லீவில் கோட்டையூர் வந்திருந்தார் மரிய அந்தோணி. வாயைத் திறந்தால் அங்கிருக்கும் பிரெஞ்சு சாமியார் புராணம்தான்.

"தங்கமான மனுசரு. எங்கள முதல்ல சாப்பிட வச்சுட்டு, ஒவ்வொருத்தர் மூஞ்சியாப் பாத்துக்கிட்டு நிப்பாரு. சாயங்காலமும் வந்து, 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா'ன்னு விசாரிப்பாரு."

"அவரு எப்பச் சாப்பிடுவாரு?" என்றாள் மனைவி அருளம்மாள்.

"வாரத்துல பாதி நாளு ஒருசந்தின்னு பட்டினி கெடப்பாரு. என்னைய ஒரு வார்த்தை வஞ்சதில்ல. 'அவசரப்பட்டுத் திரும்பாத, எத்தனை மாசம் வேணும்னாலும் இரு'ன்னு சொல்லித்தான் கப்பல் ஏத்திவிட்டாரு. அவருக்காகவே அடுத்த வாரம் கெளம்புறேன்."

அருளம்மாளுக்கு அழுகை முட்டியது. "பெத்த பிள்ளைகளவிட அவரு பெருசாப் போயிட்டாரா? அப்படி அங்க என்னதான் வேலை பாக்குறீக?"

"வேதம் சொல்லிக்குடுக்கத்தான் போனேன். காரைக்குடிப் பக்கம்னு சொன்னதும் கரண்டியக் கையில குடுத்துட்டாரு. அன்னைலருந்து சமையல் நான்தான்."

வெந்நீர் போட்டாலும் தீய்த்துவிடும் புருஷனை அருளம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு வருசம் உங்கள வெரட்டாம வச்சிருந்தாருன்னா, தங்கமான மனுசருதான்."