கவிழ்தல்

திரையில் புரதம் இன்னும் விழவில்லை.

அவள் மேசையில் கன்னத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்த வேளை. ஆய்வுக்கூடத்தில் வேறு ஆள் இல்லை. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

திரையில் இருப்பது தயிரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் சவ்வு. கணிப்பொறி கணக்குப் போட்டு வரைகிற படம். முழுக்கக் கொழுப்பு. உருகியும் உருகாத நெய்யைப் போல ஓயாமல் அசையும்.

வெளியே ஒரு சிவப்புத் துகள் மிதக்கிறது.

வைட்டமின் பி-12.

இந்த பாக்டீரியாவுக்கு அதைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. வெளியிலிருந்துதான் வர வேண்டும். சவ்வில் வாசலும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. ஒரு புரதம் வாயை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. துகளைக் கவ்வும். பிறகு அப்படியே பக்கவாட்டில் கவிழும். வெளியே பார்த்த வாய் இப்போது உள்ளே பார்க்கும்.

அவ்வளவுதான். துகள் வீடு சேர்ந்துவிடும்.

மனிதருக்கும் பி-12 வெளியிலிருந்து, பால், முட்டை, இறைச்சி வழியாகத்தான் வர வேண்டும் என்று ஊருக்கெல்லாம் படம் போட்டு விளக்கியவள்தான். பிள்ளை பெற்றதும் அம்மா பத்தியம் என்றாள். பால், தயிர், மோர் எதையும் தொடக்கூடாது, குழந்தைக்குச் சளி பிடிக்கும். முட்டையோ அந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் பூண்டுக் குழம்பும் சுட்ட அப்பளமுமாக மாதக்கணக்கில் சாப்பிட்டாள். படித்த படிப்பெல்லாம் அப்போது எங்கே போயிருந்ததோ.

மகள் உமையாளுக்கு இப்போது ஏழு மாதம்.

சிரிப்பில்லை. வாய்விட்டு ஓர் அழுகை இல்லை. போட்ட இடத்தில் போட்டபடி கிடந்தாள்.

போன மாதம் சோதித்துப் பார்த்தார்கள். தாய், மகள் இருவர் ரத்தத்திலும் பி-12 அடிமட்டம்.

இருவருக்கும் ஊசி. மருந்தும் அதே சிவப்பு. குழந்தைக்குக் கழுத்து நின்றது. கண் ஆளைத் தொடர்ந்தது. ஆனால் குப்புற விழவில்லை. அதைச் செய்துவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய்ப்பாலைத் தாராளமாகக் கொடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அவளால் முடியவில்லை.

தன் பால் அவளுக்கே பிடிக்காமல் போயிருந்தது. குழந்தைக்குப் பவுடர் பால். மார் கனக்கும்போதெல்லாம் கழிப்பறைத் தொட்டியில் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். போகிற வெள்ளையைப் பார்க்கமாட்டாள்.

கண் சொக்கியது.

இப்போது அவளே சவ்வுக்குள் நின்றாள். கழுத்துவரை இளஞ்சூட்டு நெய். வாயில் ஒரு சிவப்பு மணி.

உள்ளே யாரோ இருக்கிறார்கள். சின்னதாக. பசியோடு.

கூப்பிடலாம் என்றால் வாயைத் திறக்க முடியாது, மணி விழுந்துவிடும். செய்ய வேண்டியது ஒன்றுதான். சாய வேண்டும். நிமிர்ந்து நின்றே பழகியவளுக்கு அது தெரியவில்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. தன்னால்தான் அந்தச் சின்னது பட்டினி கிடக்கிறது என்று நினைத்தபோது நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

நெய் மெல்ல அசைந்தது.

மேசையில் போன் அதிர்ந்தது.

கணவன். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே குழந்தையையும் பார்த்துக்கொள்கிறவன். இந்நேரத்தில் கூப்பிடவேமாட்டான். சட்டென்று எடுத்தாள்.

“ஏய், இவ குப்புற விழுந்துட்டா! பயப்படாத, பாய்லதான். தானா திரும்பிட்டா. கை அடியில மாட்டிக்கிச்சு, எடுக்கத் தெரியாம கத்துறா. தூக்கிடட்டுமா?”

அவன் குரலுக்குப் பின்னால் அது கேட்டது. கோபமான அழுகை. ஊரையே கூட்டுகிற அழுகை. பெற்ற ஏழு மாதத்தில் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

“கையை மட்டும் மெதுவா எடுத்து விடுங்க. தூக்க வேணாம்.”

அழுகை ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார் சுரீரென்றது. துப்பட்டாவுக்கு அடியில் ஈரம் படர்ந்தது.

எழுந்து பழக்கதோஷத்தில் கழிப்பறைப் பக்கம் நடந்தாள். கதவில் கைவைத்தவள் நின்றாள்.

“பசி போலிருக்கு. பவுடர் கலக்கட்டுமா?” என்றான் அவன்.

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

“கலக்காதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்.”