விலை ஏறப் போகிறது

“இந்த மாடல் இதோட முடிஞ்சுது சார். இனிமே வராது.” துக்க வீட்டுக்கு வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான் தியோடர். ஆஸ்டின் டவுனில் இருந்த அவனுடைய வீடியோ கேம் கடையில் காலையிலிருந்து கூட்டம் நெரிந்தது.

நேற்றுவரை அதே கேம் கன்சோல் பெட்டிகளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த வாரம் புதிதாக ஸ்லிம் மாடல் வருகிறது. அதற்குள் பழையது போகாவிட்டால் ஆயுசுக்கும் அவற்றோடுதான் குடித்தனம்.

விலையைக் குறைத்தான். “இன்னும் இறங்கும், வெயிட் பண்றேன்” என்று போனார்கள். மறுபடியும் குறைத்தான். மறுபடியும் அதையே சொன்னார்கள்.

அவன் மனைவி மௌரீன்தான் வழி சொன்னாள். “நீ குறைக்கக் குறைக்க அவங்க காத்துட்டுதான் இருப்பாங்க. ஏறப்போகுதுன்னு சொல்லு, ஓடி வருவாங்க.”

இன்று காலை விவேக் நகர் சர்ச் பாடகர் குழு வாட்ஸ்அப்பில், வேறு யாரோ அனுப்பியது போல ஒரு சேதியைத் தட்டிவிட்டான். ‘ஸ்லிம் மாடல் சூடாகி நின்றுபோகிறதாம். பழைய மாடல் விலை திங்கள் முதல் ஏறுகிறது. அன்புக்குரியவர்களுக்குப் பகிரவும்.’

கடையில் பங்காளியான உத்தமனிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயில் ஒரு ரகசியம் டீ ஆறுகிற வரைக்கும் தங்காது. ஸ்லிம் மாடலுக்கு அட்வான்ஸ் கட்ட அவன் விடியற்காலையிலேயே ஓசூருக்குப் போய்விட்டதும் நல்லதாகப் போயிற்று.

மத்தியானத்துக்குள் அந்தச் சேதி ஊரைச் சுற்றிவிட்டு தியோடரின் போனுக்கே வந்தது. “அப்படியா, தெரியாதே” என்று எல்லாருக்கும் நல்லபிள்ளையாகப் பதில் போட்டான்.

நேற்று வெயிட் பண்ணப் போன கேசவ் மூச்சு வாங்க வந்து நின்றார். “நேத்து சொன்ன ரேட்டுக்கே குடுப்பா.”

“நேத்து ரேட்டு நேத்தோட போச்சு சார். ஐயோ பாவம், நேத்தே எடுத்திருக்கலாம் நீங்க.”

கேசவ் முழு விலையையும் கொடுத்து, தேங்க்ஸும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கடைசிப் பெட்டியும் போனது. தியோடருக்குத் தரையில் கால் பாவவில்லை. மௌரீனுக்கு போன் போட்டு, “ஷெல்ஃபே காலி. ஸ்லிம் வரட்டும், இந்தத் தெருவுல நாமதான் ராஜா” என்று சிரித்தான்.

போனை வைக்கும்போது ஒரு குட்ஸ் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து உத்தமன் குதித்தான்.

“எங்கடா போன இவ்வளவு நேரம்? அட்வான்ஸ் கட்டியாச்சா?”

“கட்டியிருந்தா நாம காலி மச்சா. கையில காசோட நிக்கும்போதுதான் அந்த மெசேஜ் வந்துச்சு.”

உத்தமன் பெருமையோடு தார்ப்பாயை விலக்கினான்.

“ஓசூர்ல இருந்த பழைய மாடல் மொத்தத்தையும் அள்ளிட்டு வந்துட்டேன்.”