முசியே கடுகின் இரண்டாவது சர்வீஸ்

"என் பக்கத்துல நின்னு ஆட ஐயாயிரம் பிராங்க் குடுத்தீங்களே முசியே, பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப எவ்வளவு கேப்பீங்க?"

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் லியோனி. பிரான்சின் டென்னிஸ் சாம்பியன். போர் முடிந்த வருஷத்திலிருந்து எந்த ஆட்டத்திலும் தோற்காதவள். போரில் கண்ணிழந்தவர்களுக்கு நிதி திரட்ட, அவளோடு ஜோடி சேர்ந்து ஆடும் உரிமையை தோவீல் கடற்கரை கிளப்பில் ஏலம் விட்டார்கள். அதை எடுத்தவர்தான் இந்தத் தொப்பைக்காரர்.

"வெயில்ல கண்ணு கூசுது, மத்மசேல்."

"வெயில் உங்க முதுகுல அடிக்குது."

ஸ்கோர் பலகையில் அவர் பெயர் 'முசியே கடுகு'. வியாபாரக் குடும்பத்தார் யாரும் சொந்தப் பெயரில் ஆடுவதில்லை. தோற்ற செய்தி பத்திரிகையில் வந்தால் கடைச் சரக்கையும் சேர்த்தல்லவா சந்தேகப்படுவார்கள்! எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: 'மதாம் லாவண்டர்' என்று ஒரு அம்மாள், அவளுக்கு ஜோடியாக ஓர் இளம் வக்கீல்.

மூன்றாவது செட்டும் இழுத்துக்கொண்டு போனது. லியோனி ஓடி ஓடிச் சேர்த்த பாயிண்டையெல்லாம் கடுகு நின்ற இடத்திலேயே தாரை வார்த்தார். எரிச்சலோடு அவரையே கவனித்தவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வக்கீலுக்குப் போடும் சர்வீஸ் கல் மாதிரி இறங்குகிறது. அந்த அம்மாளுக்குப் போட்டால் மட்டும் நேராக வலையில் போய் விழுகிறது.

பக்கம் மாறும்போது அவரை மடக்கினாள்.

"அந்தம்மாவைப் பாத்து வழியறீங்களா?"

"எனக்கு அம்பத்திரண்டு வயசு, மத்மசேல்."

"வழியறதுக்கு வயசு என்ன வயசு? என் பேரை ஏன் கடல்ல கரைக்கிறீங்க? ஒழுங்கா ஆடுங்க, முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்."

"அறிமுகமெல்லாம் வேணாம்" என்றார், கழுத்து வேர்வையைத் துடைத்தபடி. "தர்ம ஆட்டம்தானே, தோத்தாத்தான் என்ன?"

"நாளைக்குப் பேப்பர்க்காரன் தர்மம்னு போட மாட்டான். லியோனி தோத்தாள்னு போடுவான்."

கயிற்றுக்கு அப்பால் பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே பென்சில் சீவிக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து–ஆறு. கடுகின் சர்வீஸ். முப்பது–நாற்பது. இந்தப் பாயிண்ட் போனால் ஆட்டமே போச்சு. போட வேண்டியது அந்த அம்மாளுக்கு.

"முசியே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மெதுவாவாவது போடுங்க" என்றாள் லியோனி. சாம்பியன் கெஞ்சி அந்தக் கிளப்பில் யாரும் கேட்டதில்லை.

முதல் சர்வீஸ் வலையில்.

கடுகு எதிர்ப்பக்கத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார். இரண்டாவதும் வலையில்.

கைதட்டல் கடல் இரைச்சலை அமுக்கியது.

"நல்லா இருங்க" என்றாள் லியோனி. "அஞ்சு வருஷம்! யாராலயும் முடியாததை நீங்க ஒரே சாயங்காலத்துல முடிச்சுட்டீங்க."

"மத்மசேல், போர் முடிஞ்ச வருஷம் தியெப் போட்டியில ஒருத்தங்களை ஆறு–பூஜ்யம், ஆறு–பூஜ்யம்னு அடிச்சீங்க. கை குடுக்கும்போது 'நல்ல பயிற்சி, நன்றி'ன்னு வேற சொன்னீங்களாம். ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ பேரை அடிச்சேன். யாரைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

"அவங்க மறக்கல. ஒரு நாள்கூட."

"யாரு அவங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மதாம் லாவண்டர் வலையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. லியோனி நீட்டிய கையைக்கூடப் பார்க்காமல் நேராகக் கடுகிடம் போய், அவர் தோளில் கிடந்த துண்டை வெடுக்கென்று உருவினாள்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு நிதி குடுத்தா, எனக்கும் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்."

பிறகு லியோனி பக்கம் திரும்பினாள்.

"என் புருஷன் பிச்சை போட்ட ஜெயத்தைக் கணக்குல சேக்காதீங்க, மத்மசேல். உங்க கிட்ட எனக்கு வர வேண்டிய பன்னண்டு கேமும் அப்படியே பாக்கி."