டெய்லருக்குள் ஒரு குண்டு

“நிறுத்துங்கப்பா! குண்டு குத்துது!”

டெய்லர் கையைத் தூக்கினார். மூன்று பைக்குகளும் ஓரம் கட்டின.

சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, இவர்களோடு அவள் கிளம்பியிருக்கும் முதல் நெடும்பயணம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பைக்குகளை ஏற்றிப்போகும் கடைசிப் படகு நாலு மணிக்கு. அதை விட்டால் மலைப்பாதை கனவுதான். இவர் என்னவென்றால், காலையிலிருந்து போவதும் நிற்பதுமாக டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

“உட்கார்ற இடத்துல குண்டை வச்சுக்கிட்டு உனக்கெல்லாம் எதுக்குடா பைக்?” என்று கத்தினார் கர்னல். ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பெயின்ட் கடைக்காரர். மீசைக்காகக் கிடைத்த பட்டம்.

“வச்சது யாரு? நீதானே!”

கர்னல் ஹெல்மெட்டை டாங்க் மேல் டொங்கென்று வைத்தார். “இவன்கிட்ட நின்னா எனக்கு பிரஷர் ஏறிடும்” என்று மரங்கள் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். கோபம் தணிந்ததும் திரும்பி வந்துவிடுவார்.

அடுத்த டீக்கடையில் கதை முழுசாக வெளியே வந்தது.

“பன்னிரண்டு வயசுல எங்க மாமா ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுத்தார் சிஸ்டர்” என்றார் கர்னல். “சைக்கிள் பால்ரஸ் மாதிரி பொடிக் குண்டு போட்டுச் சுடறது. சுவர் மேல ஒரு டப்பாவை வச்சுக் குறி பார்த்தேன். இவன் குறுக்கே வந்துட்டான்.”

“டப்பா இருந்தது கிழக்கே. நான் மேற்கே குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன்.”

“காத்து அடிச்சுதுடா!”

“காத்துல குண்டு யூ டர்ன் போட்டுச்சா?”

இரண்டு பேரும் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவள் பயந்தபடியே ஆயிற்று. துறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது படகு நடு ஆற்றில் இருந்தது. அந்த எரிச்சலில் ஆளுக்கு ஒரு பக்கம் வண்டியைத் திருப்ப, ஈரச் சரிவில் சறுக்கி, டெய்லர் பைக்கோடு சாய்ந்தார்.

பக்கத்துக் கிளினிக்கில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் சிஸ்டர். எலும்பு முறிவு இல்லை. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நிமிஷம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

“அண்ணே, குண்டு எங்கே?”

கட்டிலில் படுத்திருந்த டெய்லர் சட்டென்று கூரையை ஆராய ஆரம்பித்தார்.

“பளிச்சுன்னு வெள்ளையா தெரியணும். பொட்டு அளவுகூட ஒண்ணும் இல்லையே! இல்லாத குண்டுக்காகவா எங்களை வழியெல்லாம் நிறுத்தினீங்க? படகையும் விட்டோமே!”

“மெதுவா பேசு சிஸ்டர். வெளியில அவன் இருக்கான்.”

“இருக்கட்டும். அவருக்கும் தெரியட்டும். பாவம், இத்தனை வருஷமா தான் சுட்டதுதான் உள்ளே இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்கார்.”

“சுட்ட அன்னிக்கே எங்கம்மா ஹேர்பின்னால நோண்டி எடுத்துட்டாங்க” என்றார் டெய்லர். “அதைச் சொல்லியிருந்தா அவன் எனக்கு சைக்கிள் ஓட்டக் குடுத்திருப்பானா? அதனால சொல்லலை. அப்புறம் நானே மறந்துட்டேன்.”

“இப்ப மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?”

டெய்லர் கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“போன வருஷம் வெயில் மண்டையைப் பிளக்குது, இவன் பாதி வழியில மழைப் பேன்ட்டை எடுத்து மாட்டிக்கிட்டான். கேட்டா, காத்து அடிக்குதாம். சர்க்கரை வந்ததுலேர்ந்து ஒரு மணி நேரம்கூட அடக்க முடியலை அவனுக்கு. வண்டியை நிறுத்துன்னு சொல்றதுக்கு மானம் தடுக்குது. வழியிலேயே ஆகிப்போச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போனவன் பைக்குக்கு உறை போட்டு மூடிட்டான். யாரு கூப்பிட்டும் வெளியில வரலை. அப்பதான், பழைய குண்டு மறுபடி குத்துதுடா, நின்னு நின்னுதான் போகணும், துணைக்கு வான்னு போய் நின்னேன்.”

“அப்ப ஒவ்வொரு தடவையும் கோவிச்சுக்கிட்டு மரத்துப் பக்கமா போனது...”

“கோவமாவது, மண்ணாவது!”

சிஸ்டர் எக்ஸ்ரேயால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு எப்படியும் வெளியே வந்துவிட்டது.

அதற்குள் கதவு திறந்தது. கர்னல். மீசைகூடத் தொங்கிப்போயிருந்தது.

“எலும்பு?”

“ஒண்ணும் ஆகலைண்ணே.”

“அந்தக் குண்டு? எல்லாம் என்னாலதான். அதை இங்கேயே எடுத்துடச் சொல்லலாமா சிஸ்டர்? எவ்வளவு நாளைக்கு இவன் இப்படி அவஸ்தைப்படறது!”

டெய்லர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

சிஸ்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“தொடவே கூடாதுண்ணே, நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கு. இனிமே அரை மணிக்கு ஒரு தடவை நாம வண்டியை நிறுத்தியே ஆகணும்.”