நீலக் கோட்டுக்காரன்

தமிழ்ச் சங்கத்தின் தலைவரும் போசகரும் தானேயான அழகரத்தினம், மகள் பெரியபிள்ளையானதைக் கொண்டாடிய சாமத்தியவீட்டுக்கு ஹோர்சன்ஸ் நகரில் ஹெலிகொப்டர் இறக்கியவர். அதே ஊரில் கணினி திருத்தத் தெரிந்த கோணேஸ்வரனுக்கு அழைப்பில்லை. அன்று அவர் தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்தார்.

இப்போது அந்த விழாவின் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் கணினியில் தெரியவில்லை என்று அதே அழகரத்தினம் கோணேஸ்வரன் வீட்டுக்கே வந்திருந்தார்.

"எப்பிடியும் எடுத்துத் தாங்கோ, கோணேஸ் தம்பி."

டிஸ்க்கில் பழுதில்லை. கணினி அதற்கு D, E போல ஓர் அடையாள எழுத்து ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். கோணேஸ்வரன் ஒதுக்கியதும் திறந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவதென்று அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்.

படங்களில் அவரே இருந்தார். தன்னிடம் இல்லாத நீலக் கோட்டில், முன்வரிசையில். ஹெலிகொப்டரிலிருந்து பிள்ளையைக் கைபிடித்து இறக்கியதும் அவர்தான். மண்டபமே அந்த ஆளைப் பார்த்துச் சிரித்தது.

"நீங்கள் இல்லாட்டி அண்டைக்கு ஒண்டும் ஒப்பேறியிராது," என்றார் அழகரத்தினம், கோப்பியை உறிஞ்சியபடி.

கோணேஸ்வரனுக்கு வயிறு எரிந்தது. தன்னை ஒருவரும் அப்படிப் பார்த்ததில்லை. நீலக் கோட்டுக்காரனை ஒரு படம் விடாமல் அழித்தார்.

"எல்லாம் அழிஞ்சு போட்டுது, அண்ணை."

அழகரத்தினம் கோப்பையை வைத்துவிட்டு, அவரை மரியாதையாக உற்றுப் பார்த்தார்.

"பரவாயில்லை, தம்பி. உங்கட பேர் என்னெண்டு சொன்னியள்?"