ஆடு தின்ற நோட்டீஸ்

“ஆடு தின்னுடுச்சு சார்.”

“எதை, சருகையா?”

“நோட்டீஸை.”

சுகாதார அதிகாரி பேனாவை மூடிவிட்டு டெய்லரை ஏற இறங்கப் பார்த்தார். டெய்லர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தையல் மெஷின் போட்டிருந்த முன்னறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“அது அரசாங்கக் காகிதம். அதை ஆடு தின்னதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் எழுதணும். ஆடு இப்போ எங்கே?”

“மச்சான்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன் சார்.”

“சாட்சியை அனுப்பிட்டீங்களே.”

“சருகைத் தின்னும்னு நம்பித்தான் சார் வாங்கிட்டு வந்தேன். அது சருகை மோந்துகூடப் பார்க்கலை. ரெண்டு பாவாடை நாடாவும் ஒரு காலரும் தின்னுச்சு. அப்புறம் இது.”

டெய்லர் சட்டத்துக்குப் பயந்தவர். தோட்டத்துச் சருகைக் கூட்டி ஒரே ஒரு முறைதான் கொளுத்தினார். புகை சரியாக மேலே எழும்புவதற்குள் அதிகாரி நோட்டீஸோடு கேட்டில் நின்றார். எரிப்பது குற்றம், உரமாக்குங்கள் என்றார். டெய்லர் மூலையில் குழி வெட்டி, சருகோடு காய்கறித் தோலையும் கொட்டி மூடினார். ஈரம் கூடிப்போய் நாற்றமடிக்கிறது என்று இரண்டாவது நோட்டீஸ் வந்தது. சருகைச் செடிகளுக்கு அடியில் பரப்பினால் மண் காயாது என்று அதிகாரியே சொல்லிக்கொடுத்தார். பரப்பிய அன்றைக்கே காற்றடித்துப் பாதிச் சருகு தெருவுக்குப் போய்விட, தெருவை அசுத்தம் செய்ததாக மூன்றாவது. அனுமதியில்லாமல் ஆடு கட்டியதற்கு வந்த நான்காவதைத்தான் அந்த ஆடே தின்றுவிட்டது.

“இன்னும் ஒண்ணு எழுதினா நீங்க கோர்ட்டுக்குத்தான் போகணும்,” என்றார் அதிகாரி.

டெய்லரின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. வெளியே வந்துவிட்டாள்.

“சார், தைக்க வந்த துணி மலையாக் கிடக்கு. இவர் பொழுதுக்கும் சருகு பொறுக்கிட்டு இருக்கார். நேத்து ஒரு சட்டைக்கு மூணு கை வெச்சுத் தைச்சிருக்கார். நீங்களே ஒரு வழி சொல்லுங்க.”

மூன்று கை என்றதும் அதிகாரியின் மனம் இளகியது.

“வழி இருக்கும்மா. சாக்குல கட்டி வெச்சீங்கன்னா வியாழக்கிழமை நகராட்சி வண்டி வந்து எடுத்துக்கும். அரைச்சுப் பூங்காவுக்கு உரமாப் போட்டுடுவாங்க. புகையும் இல்லை, நாத்தமும் இல்லை.”

டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்.”

“நீங்க கேட்கலையே.”

அதிகாரி பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். டெய்லர் திண்டாடித் திண்டாடிப் பெயரெழுதி, முகவரி எழுதி, எத்தனை சாக்கு என்று எழுதிக் கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“மரத்தோட சொந்தக்காரர் கையெழுத்துன்னு போட்டிருக்கே சார்.”

“ஆமா. அது இல்லாம வண்டி வராது.”

“எங்க தோட்டத்துல மரமே கிடையாதே சார். இவ்வளவும் சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து விழுகிற சருகுதானே.”

“அப்போ அந்தப் பக்கத்துக்காரர்கிட்டதான் வாங்கணும். சட்டம்னா சட்டம்.”

டெய்லர் மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள். டெய்லர் விண்ணப்பத்தையும் பேனாவையும் அதிகாரியிடமே நீட்டினார்.

அதிகாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“டியூட்டி நேரத்துல சொந்த வேலை பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆறு மணிக்கு மேல சுவர்ப் பக்கம் வந்து கூப்பிடுங்க, என் மரத்தைப் பத்தி அப்போ பேசிக்கலாம்.”